கூடத்திலும் மொட்டை மாடியிலும் ஓடும் ஒரே ரயில்: கழற்றிக் கோக்கும் மாதிரி ரயில்பாதை செய்யும் முறை

மாதிரி ரயில் ஓட்டும் ஆசை உள்ளவர்களில் அதற்கென்றே ஓர் அறையை ஒதுக்க முடிந்தவர்கள் மிகச் சிலரே. வாடகை வீட்டிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் விரித்த பாதையை இரவு உணவுக்கு முன் எடுத்து வைத்தாக வேண்டும். அதே பாதையை மார்கழி மாதத்து இதமான மாலையில் மொட்டை மாடிக்கோ தோட்டத்துக்கோ கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கவும் விரும்புவார். இவ்விரண்டுக்கும் வழி, பாதையைத் தனித்தனிப் பலகைப் பெட்டிகளாகச் செய்து, வேண்டும்போது கோத்து, வேண்டாதபோது கழற்றி அடுக்குவதுதான். இப்பெட்டியை இத்துறையில் மாட்யூல் என்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் மாட்யூலின் நடுப்பகுதியைப் பற்றியே யோசிக்கிறார்: எந்த நிலையம், பாலம் எங்கே, எத்தனை மரங்கள் என்று. நான் செய்த முதல் இரண்டு மாட்யூல்களும் அவ்வாறு நடுவிலிருந்து தொடங்கியவையே. பார்க்க அழகாக இருந்தன. ஒன்றோடொன்று சேரத்தான் இல்லை. ஒரு பக்கம் தண்டவாளத்தை நேராக்கினால் மறுபக்கம் பலகை இரண்டு மில்லிமீட்டர் ஏறி நின்றது, பலகையைத் தட்டி இறக்கினால் தண்டவாளம் விலகியது. நடுப்பகுதி அவரவர் மனம்போல் இருக்கலாம், ஆனால் இரண்டு முனைகளும் எல்லா மாட்யூலிலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு பெட்டிகளையும் உடைத்துப் போட்ட பிறகே உணர்ந்தேன். அதனால் இக்கட்டுரையும் முனைகளைப் பற்றியே அதிகம் பேசும்.

எந்த அளவு?

வீட்டுக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் இரண்டு அளவுகள் பரவலாக உள்ளன. எச்.ஓ. என்பது 1:87 விகிதம், தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; என் (N) என்பது 1:160 விகிதம், இடைவெளி 9 மி.மீ. இந்திய ரயில்களை எச்.ஓ. அளவில் செய்பவர்கள் ஒரு சிறிய பொய்யை ஏற்றுக்கொண்டே ஓட்டுகிறார்கள்: நம் அகலப்பாதை 1676 மி.மீ. என்பதால், அது 1:87-இல் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரவேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் பாதை 16.5 மி.மீ. தான். பார்ப்பவர் கண்ணுக்கு இது உறுத்துவதில்லை, ஓட்டுபவரும் சில நாளில் மறந்துவிடுவார்.

வெயில், காற்று, தூசி ஆகியவற்றைத் தாங்கி வெளியிலும் ஓட வேண்டுமென்றால் 45 மி.மீ. பாதைதான் பொருத்தம். ஜெர்மனியின் எல்.ஜி.பி. நிறுவனம் 1968-இல் அறிமுகப்படுத்திய இந்த அளவில் விகிதம் 1:22.5. இங்கே நமக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. 1000 மி.மீ. அகலமுள்ள மீட்டர்பாதையை 22.5-ஆல் வகுத்தால் 44.4 மி.மீ. வருகிறது. அதாவது மீட்டர்பாதையான நீலகிரி மலை ரயிலை இந்த அளவில் செய்தால் பாதையின் அகலத்தில் எவ்விதப் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளும் அப்பாதையில் கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், கேத்தி, லவ்டேல் என்று வரிசையாக வரும் நிலையங்கள் பலவும் சிறியவை. ஒரு நிலையத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மாட்யூல் என்று பிரிப்பதற்கு இதைவிட ஏற்ற பாதை தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். கீழே தரும் அளவுகள் எல்லாம் இந்த 45 மி.மீ. பாதைக்கானவை, எச்.ஓ. செய்பவர்களும் முறையை அப்படியே பின்பற்றி, அளவை மட்டும் சுருக்கிக்கொள்ளலாம்.

பிறர் வகுத்த விதிகளைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது

பல ஊர்க்காரர்கள் தனித்தனியே செய்த மாட்யூல்களை ஓரிடத்தில் கொண்டுவந்து கோக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து சில பொது விதிமுறைகள் பிறந்திருக்கின்றன. 1970-களில் அமெரிக்காவில், மேலே சொன்ன என் (N) அளவுக்காக உருவான என்ட்ராக் முறையில் மூன்று பாதைகள் மாட்யூலின் முன்புறமாக இணையாக ஓடும். டி-டிராக் என்பது அதைவிடச் சிறியது. கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் பாதையைப் பொருத்திய, 308 மி.மீ. நீளமுள்ள பெட்டி அதன் அடிப்படை அலகு. அதற்குக் கால்களே கிடையாது, சாப்பாட்டு மேசையின்மேல் வரிசையாக வைத்து, பாதையின் சொந்தக் கொக்கிகளாலேயே சேர்த்துவிடலாம். கூடமும் ஒரு மேசையும் மட்டுமே உள்ளவர்கள் தச்சுவேலையின் தொல்லையின்றித் தொடங்குவதற்கு டி-டிராக்கைப் போல எளிய வழி வேறில்லை.

ஐரோப்பாவில் 1981-இல் தோன்றிய ஃபிரெமோ அமைப்பின் விதிகள் இவற்றினும் கண்டிப்பானவை, எச்.ஓ. மாட்யூலில் தண்டவாளத்தின் தலை தரையிலிருந்து 1300 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பதிலிருந்து முனைப்பலகையின் வடிவம், துளைகளின் இடம் வரை எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு நிலையம் எவ்வளவு நீளமாக, எந்த வளைவில் இருக்கலாம் என்பது செய்பவர் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. முனையில் கண்டிப்பு, நடுவில் சுதந்திரம் என்ற இந்த அணுகுமுறையை நான் கடன் வாங்கிக்கொண்டேன், அளவுகளை என் வீட்டுக்கு ஏற்ப மாற்றினேன். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு குழு இயங்கினால், அவர்களுடைய முனை அளவையே ஏற்றுக்கொள்ளுங்கள். சொந்தமாகச் சிறந்த விதி ஒன்றை வகுத்துக்கொண்டு தனியே ஓட்டுவதைவிட, சுமாரான பொது விதியில் பத்துப் பேரோடு கோப்பது பயன் தரும்.

பெட்டியின் அளவு

அளவைத் தீர்மானிப்பது கதவு, மாடிப்படித் திருப்பம், லிஃப்ட், கார் ஆகிய நான்கும்தான். வரைபடம் போடுவதற்கு முன் ஓர் அட்டைப்பெட்டியையோ இரண்டு ரீப்பர்களை ஆணியடித்துச் செய்த சட்டத்தையோ கையில் எடுத்துக்கொண்டு மாடிவரை ஒருமுறை நடந்து பாருங்கள். மொட்டை மாடிக்குப் போகும் கடைசிப் படிக்கட்டு பல கட்டடங்களில் மற்றப் படிகளைவிடக் குறுகலானது, அங்கேதான் கணக்கு தவறும்.

நேர் மாட்யூலுக்கு 1200 மி.மீ. நீளமும் 450 மி.மீ. அகலமும் வசதியானவை. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் தாளின் அகலம் 1220 மி.மீ. என்பதால், ரம்பத்தின் தடிமன் போகவும் 1200 மி.மீ. துண்டுகள் வீணின்றிக் கிடைக்கும். பாதை அகலத்தின் நடுவில், அதாவது விளிம்பிலிருந்து 225 மி.மீ.இல் செல்ல வேண்டும். மூலை மாட்யூல், 600 மி.மீ. ஆரமுள்ள எல்.ஜி.பி. ஆர்-1 வளைவுத் துண்டுகள் மூன்றைக் கொண்டது. ஒவ்வொரு துண்டும் 30 பாகை திரும்புவதால் மூன்று சேர்ந்து கால்வட்டம் ஆகும். அந்த ஆரம் 600, நடுக்கோட்டிலிருந்து வெளிவிளிம்புக்கு 225, முனையில் விட வேண்டிய 75 (இதன் காரணம் பின்னர் வரும்) ஆகிய மூன்றையும் கூட்டினால் மூலை மாட்யூலின் பக்கம் 900 மி.மீ. ஆகிறது. சதுரத்தின் உட்புற மூலையை வெட்டி எறிந்துவிட்டால் எடையும் குறையும், ஓட்டுபவர் உள்ளே நிற்கவும் இடம் கிடைக்கும்.

இவ்வாறு நான்கு மூலைகளும் இரண்டு நேர் மாட்யூல்களும் சேர்ந்தால் 3000 மி.மீ.க்கு 1800 மி.மீ., ஏறத்தாழ 10 அடிக்கு 6 அடி நீள்வட்டம் கிடைக்கிறது. கூடத்தில் சோபாவை ஒதுக்கினால் இது அடங்கும். மாடியில் இன்னும் நான்கு நேர் மாட்யூல்களைச் சேர்த்து இதே வட்டத்தை நீட்டலாம்.

ஆர்-1 வளைவு மிகக் கூர்மையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறிய தொட்டி எஞ்சினும் (நீர்த்தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் எஞ்சின்) நான்கு சக்கரப் பெட்டிகளும் அதில் தாராளமாக ஓடும். நீண்ட பெட்டிகள் ஓடினாலும் வளைவில் வெளியே துருத்திக்கொண்டு, பார்வைக்கு நன்றாக இராது. 1195 மி.மீ. ஆரமுள்ள ஆர்-3 வளைவு கண்ணுக்கு இனியது. ஆனால் ஒரு கால்வட்டத்தை இரண்டு மாட்யூலாகப் பிரிக்க வேண்டும், கூடத்தில் அடங்காது. மாடி பெரிதாக உள்ளவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

மரமும் முனைப்பலகையும்

மேற்பலகைக்கு 6 மி.மீ., நெடும்பக்கங்களுக்கு 9 மி.மீ., முனைப்பலகைக்கு 18 மி.மீ. என்று மூன்று தடிமன்களில் பிளைவுட் வாங்குங்கள். வெளியில் எடுத்துச் செல்லப் போவதால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குவது முறை. அதற்கு ஈரம் படவே படாது என்று கடைக்காரர் சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். நீரைத் தாங்குவது உள்ளிருக்கும் பசை, மரம் அல்ல. வெட்டிய விளிம்புகள் வழியாகத்தான் நீர் உள்ளே செல்கிறது. ஆகவே ஒவ்வொரு விளிம்பிலும் ப்ரைமரை இரண்டு முறை ஊட்டி, அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களிலும் வெளிப்புறப் பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த பலகை மழைக்காலத்தில் வளையும்.

பக்கப் பலகைகளின் உயரம் 100 மி.மீ. போதும். அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, பசையும் திருகாணியும் சேர்த்து முடுக்கினால், நேர் மாட்யூல் பாதையின்றி 5 கிலோ அளவில் நிற்கும். ஆளுக்கு ஒன்றாகப் படியேற்றலாம்.

இனி முனைப்பலகை. ஆறு மாட்யூலுக்குப் பன்னிரண்டு முனைகள். இவை ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துக் குறித்துத் துளையிட்டால் பன்னிரண்டு வெவ்வேறு பலகைகள்தான் கிடைக்கும், எவ்வளவு கவனமான கையாக இருந்தாலும் சரி. அதற்குப் பதில் ஒரே ஒரு வார்ப்புருத் தகடு செய்துகொள்ளுங்கள். 5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள இரும்பு அல்லது அலுமினியப் பட்டையை 450 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, நடுக்கோடு கீறி, அதிலிருந்து இருபுறமும் 100 மி.மீ. தூரத்தில் போல்ட்டுக்கு ஒன்று, 175 மி.மீ. தூரத்தில் முளைக்கு ஒன்று என நான்கு துளைகளை லேத் பட்டறையில் கொடுத்துப் போட்டு வாங்குங்கள். பலகையின் மேல்விளிம்பில் தொற்றிக்கொள்ளும்படி தகட்டுக்கு ஓர் உதடும் வைக்கச் சொல்லுங்கள். எல்லா முனைகளையும் இத்தகட்டை வைத்தே துளையிட வேண்டும். பதின்மூன்றாவதாக ஒரு பலகையையும் துளையிட்டு, அதை எந்த மாட்யூலிலும் பூட்டாமல் தாய்ப்பலகையாகப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் செய்யும் ஒவ்வொரு முனையையும் இத்தாய்ப்பலகையோடு பொருத்திப் பார்த்தே பசை போட வேண்டும்.

போல்ட் வேறு, முளை வேறு என்று பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. எம்-8 போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போடுகிறோம், அதில் போல்ட் கொஞ்சம் ஆடும், ஆட வேண்டும். அதன் வேலை இரு பலகைகளையும் இறுக்குவது மட்டுமே. இரண்டையும் துல்லியமாக ஒரே இடத்தில் நிறுத்துவது வார்ப்பட அச்சுச் செய்பவர்கள் பயன்படுத்தும் பித்தளை முளை-குழி ஜோடி. இவற்றை ஒன்றாக்கி, இறுக்கமான போல்ட்டே எல்லா வேலையும் செய்யட்டும் என்று விட்டால், பத்தாவது முறை கழற்றும்போது துளை தேய்ந்து பாதை விலகத் தொடங்கும். போல்ட்டுக்கு விங் நட்டும் இருபுறமும் அகலமான வாஷரும் போடுங்கள், ஸ்பேனர் தேட வேண்டியிராது.

முளையை எந்தப் பக்கம், குழியை எந்தப் பக்கம் வைப்பது? ஒவ்வொரு முனைப்பலகையையும் நேருக்கு நேர் பார்த்து நின்றுகொண்டு, இடப்பக்கத்தில் முளை, வலப்பக்கத்தில் குழி என்று எல்லா முனைகளிலும் ஒரே மாதிரி வையுங்கள். இரண்டு முனைகள் எதிரெதிராகச் சேரும்போது ஒன்றின் இடம் மற்றதன் வலத்தைச் சந்திக்கும் என்பதால், முளை எப்போதும் குழிக்குள்ளேயே போகும். இதனால் எந்த மாட்யூலையும் எந்த மாட்யூலோடும், முன்பின் திருப்பியும்கூடக் கோக்கலாம். ஒரு முனை முழுவதும் முளை, மறுமுனை முழுவதும் குழி என்று வைத்தவர்களால் மாட்யூலைத் திருப்ப முடியாது, மாட்யூல்களுக்கு எண் போட்டு வரிசையை நினைவில் வைத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியிருக்கும்.

தண்டவாளம் சேருமிடம்

பலகைகள் சேர்ந்துவிட்டன, பாதை எப்படிச் சேரும்? இரண்டு வழிகள் உண்டு. ஃபிரெமோ மாட்யூல்களில் தண்டவாளம் பலகையின் விளிம்புவரை வந்து முடிகிறது, எதிர்ப்பலகையின் தண்டவாளத்தை முட்டி நிற்கிறது. விளிம்பருகே செம்புத்தகடு ஒட்டிய பி.சி.பி. (மின்சுற்று அட்டை) துண்டைப் பதித்து, தண்டவாளத்தை அதன்மேல் ஈயப்பற்று வைத்துப் பிடிக்கிறார்கள். பார்வைக்கு இது நேர்த்தி. ஆனால் கால் மில்லிமீட்டர் பிசகினாலும் சக்கரம் தடம் புரளும், தூக்கிச் செல்லும்போது நீட்டிய முனை எதிலாவது இடித்து வளையும். வீட்டுக்குள் மட்டும் ஓட்டும் எச்.ஓ. பாதைக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

45 மி.மீ. பாதைக்கு இணைப்புத்துண்டு முறையே மேல். ஒவ்வொரு மாட்யூலிலும் நிலையான பாதை விளிம்பிலிருந்து 75 மி.மீ. உள்ளேயே நின்றுவிட வேண்டும். இரு மாட்யூல்களைச் சேர்த்தபின் நடுவில் விழும் 150 மி.மீ. இடைவெளியில் அதே நீளமுள்ள நேர்த்துண்டைப் பொருத்துவதே முறை. இந்நீளத்தில் துண்டுகள் கடையில் தயாராகவே கிடைக்கின்றன. 1200 மி.மீ. மாட்யூலில் இருபுறமும் 75 போனால் எஞ்சுவது 1050. அது 300 மி.மீ. துண்டுகள் மூன்றும் 150 மி.மீ. துண்டு ஒன்றுமாகும், எதையும் வெட்ட வேண்டியதே இல்லை. இணைப்புத்துண்டு தொலைவதுதான் இம்முறையின் ஒரே குறை. ஆறு இணைப்புக்கு எட்டுத் துண்டுகள் வைத்திருங்கள்.

பாதையோடு வரும் சறுக்கு இணைப்பான்கள் அடிக்கடி கழற்றிப் பூட்டினால் தளர்ந்து மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. இணைப்புத்துண்டின் இரு முனைகளிலும் ஆலன் திருகு வைத்த பித்தளைக் கிளாம்ப்களைப் பயன்படுத்துங்கள். நிலையான பகுதியில் சறுக்கு இணைப்பானே போதும்.

வெயில் காலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பித்தளை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கு நீளும். காலை 25 பாகையில் பூட்டிய பாதை சித்திரை வெயிலில் 60 பாகைவரை சூடானால் 1200 மி.மீ.க்கு 0.8 மி.மீ. நீளும், பத்து மீட்டர் பாதையில் அது 6 முதல் 7 மி.மீ. பலகை அவ்வளவு நீளாது. ஆகவே குளிர்ந்த வேளையில் கோக்கும்போது ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஓரிடத்திலாவது ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். ஸ்லீப்பர்களை (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை) மாட்யூலின் நடுவில் மட்டும் இறுக்கமாகத் திருகி, மற்ற இடங்களில் சற்றுப் பெரிய துளையில் தளர்வாகத் திருகினால் தண்டவாளம் இருபுறமும் சறுக்கிக்கொள்ளும். இவ்வாறு விடாத பாதை மதியம் பாம்புபோல நெளிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

மின்சாரம்

தண்டவாளத்தின் இணைப்புகளை நம்பி மின்சாரத்தைச் சுற்றி அனுப்பக் கூடாது. ஒவ்வொரு மாட்யூலின் அடியிலும் இரண்டு முதன்மைக் கம்பிகள் ஓட வேண்டும். அவற்றிலிருந்து குட்டையான கிளைக்கம்பிகள் மேலே சென்று இரு தண்டவாளங்களையும் தொட வேண்டும். முதன்மைக் கம்பி 1.5 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும். பத்து மீட்டர் போய்வரும் கம்பியில் 3 ஆம்பியர் ஓடினால் இதில் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கும்; 0.5 சதுர மி.மீ. கம்பி போட்டால் இரண்டு வோல்ட்டுக்கும் மேல் போய்விடும், தொலைவிலுள்ள பக்கத்தில் எஞ்சின் சோர்ந்து நகரும்.

கம்பிகளை இணைக்கவும் முனைப்பலகையின் அதே விதி பொருந்தும். முனையை நேருக்கு நேர் பார்க்கும்போது இடத் தண்டவாளத்தின் கம்பியில் ஆண் முனை, வலத் தண்டவாளத்தின் கம்பியில் பெண் முனை. மாட்யூலை எப்படித் திருப்பினாலும் கம்பி தன் தண்டவாளத்தின் தொடர்ச்சியையே சந்திக்கும், குறுக்கு இணைப்பு நேராது. இருசக்கர வாகனங்களின் வயரிங்கில் ரப்பர் உறையோடு வரும் புல்லட் கனெக்டர்கள் இதற்குப் போதும், மலிவும்கூட. பனானா பிளக்கைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன் 4 மி.மீ. முள் சுவரிலுள்ள 5 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையக்கூடியது என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் அதை வைப்பதில்லை.

வெளியில் ஓட்டும்போது 230 வோல்ட் இணைப்பும் அடாப்டரும் கூரையுள்ள இடத்திலேயே இருக்க வேண்டும். 24 வோல்ட்டுக்கு மேற்படாத கம்பி மட்டுமே மாடிக்கு வரலாம். அந்த இணைப்பு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்புள்ள சுற்றிலிருந்து எடுத்ததா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு கம்பியும் வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று வழி உண்டு. ரயிலின் ஒரு பெட்டிக்குள் லித்தியம் பேட்டரிகளை அதற்குரிய பாதுகாப்புச் சுற்றோடு வைத்து, எஞ்சினை ரேடியோ மூலம் இயக்கலாம். வெளியில் பித்தளையின்மேல் படியும் கருமையைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தவர்கள் பலர் இறுதியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். மாடியில் மட்டுமே ஓட்டுபவராக இருந்தால் தொடக்கத்திலேயே இதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

கால்களும் மட்டமும்

கூடத்துத் தரை மட்டமானது. மொட்டை மாடி அப்படியன்று. மழைநீர் வடிகுழாயை நோக்கி ஓட வேண்டுமென்று கொத்தனார் வேண்டுமென்றே வாட்டம் கொடுத்திருப்பார். நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தில்கூட 3 மீட்டர் தூரத்துக்குத் தரை 30 மி.மீ. இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு காலின் அடியிலும் மரைபதித்து, 50 மி.மீ. வரை ஏற்றி இறக்கும் எம்-10 போல்ட்டை வையுங்கள். கால்கள் மாட்யூலின் அடியில் மடங்கவோ, தனியே கழன்று வரவோ வேண்டும். கழன்று வருபவையே பழுது குறைந்தவை. 900 முதல் 1000 மி.மீ. உயரம் பெரியவர்களுக்கும், பக்கத்தில் ஒரு முக்காலி போட்டால் சிறுவர்களுக்கும் ஏற்றது.

மட்டம் பார்க்க ரசமட்டம் ஒரு மாட்யூலுக்குள் போதும். எதிர்ப்பக்கத்து மாட்யூல் இதே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார்கள் வைத்திருக்கும், நீர் நிரப்பிய ட்யூப் மட்டத்தைவிட நம்பகமான கருவி இல்லை. முதல் மாட்யூலை மாடியின் மிக மேடான மூலையில் நிறுத்தி, அங்கிருந்து இரு திசைகளிலும் கோத்துக்கொண்டு வாருங்கள். பள்ளத்தில் தொடங்கினால் கடைசி மாட்யூலின் கால்களை இறக்க இடமிராது.

மலையை எப்படிக் காட்டுவது

நீலகிரிப் பாதையின் செங்குத்தான பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில், 12.28-க்கு ஒன்று என்ற ஏற்றத்தில், ஆப்ட் முறைப் பற்சட்டத்தின் (எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏற, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசைச் சட்டம்) உதவியோடு ஏறுகிறது. எஞ்சின் கீழ்ப்புறத்தில் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். இதை உள்ளபடியே செய்தால் 1200 மி.மீ. மாட்யூல் ஒன்றின் இரு முனைகளுக்கும் இடையே 98 மி.மீ. உயர வேறுபாடு வரும், முனைகளெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நம் விதியே உடைந்துபோகும்.

ஆகவே பாதையை மட்டமாகவே விட்டுவிட்டு நிலத்தைச் சாய்த்துவிடுங்கள். பாதைக்கு அருகிலுள்ள பாறை அடுக்குகள், தேயிலை வரிசைகள், தடுப்புச் சுவரின் கற்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே திசையில் சற்றே சரிவாக அமைத்தால், கண் அந்தச் சரிவைத்தான் மட்டமென எடுத்துக்கொண்டு பாதை ஏறுவதாக நினைக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம்போலத் தெரியும் ஒரு பட்டையை, எஞ்சினின் அடியில் உரசாத உயரத்தில், ஒட்டிவிட்டால் மாயம் முழுமையாகும்.

எடையைக் குறைக்க, மலைகளை எக்ஸ்.பி.எஸ். ஃபோமில் (மணி உதிராத கெட்டியான ஃபோம் பலகை) செதுக்குங்கள். தெர்மோகோலும் மலிவானதுதான், ஆனால் வெட்டும்போது உதிரும் மணிகள் மோட்டாருக்குள் புகுந்து தொல்லை தரும். கவாத்து செய்த தேயிலைச் செடியின் உயரம் இந்த அளவில் 30 மி.மீ. அளவில் வரும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கிழித்துப் பிய்த்து, மேலே இலைத்தூள் ஒட்டினால் தேயிலைப் புதர் தயார். ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்து 2 முதல் 3 மி.மீ. குருணையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மெல்லிய ஒரே அடுக்காகப் பரப்புங்கள். தாராளமாகக் கொட்டினால் மாட்யூலைத் தூக்கும்போது வருந்துவீர்கள். நீரில் கரைத்த சாதாரண வெள்ளைப் பசை கூடத்துக்கு உகந்தது, தூறல் பட்டால் இளகிவிடும். வெளியில் போகும் மாட்யூலுக்கு நீர் தாங்கும் பசை அவசியம்.

உயரமான மரம், நிலையக் கட்டடம், மனித உருவம் ஆகியவை எல்லாம் கழன்று வர வேண்டும். அடியில் ஒரு கம்பி முளையும் பலகையில் ஒரு துளையும் போதும். மாடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் ஒரு காகம் என்னுடைய நிலைய அதிகாரியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அதன்பின் மனித உருவங்களை, ஓட்டத் தொடங்கிய பிறகே வைக்கிறேன்.

தோட்டத்தில்

தரையில் தோட்டம் உள்ளவர்களுக்கு மாட்யூலை ஆண்டு முழுவதும் வெளியில் விட்டுவைக்கும் ஆசை வரும். வடகிழக்குப் பருவமழை ஒன்றைக் கண்டபின் அந்த ஆசை தானாகவே தீரும். அங்கே நிலையாக இருக்க வேண்டியவை கால்கள் மட்டுமே: மாட்யூல் முனைகள் விழும் இடங்களில் சிமென்ட் கட்டைகளை ஒரே மட்டத்தில் பதித்துவிடுங்கள், ஓட்டும் நாளில் பெட்டிகளைக் கொண்டுவந்து அவற்றின்மேல் வைத்து, போல்ட் முடுக்குங்கள். கட்டைகளைச் சுற்றி டேபிள் ரோஸ் போன்ற தரையோடு படரும் செடிகளை வளர்த்தால், மாட்யூல் இல்லாத நாட்களிலும் தோட்டம் தோட்டமாகவே இருக்கும். மேற்பலகையில் வட்டமாக வெட்டி, சிறு தொட்டிச் செடிகளை அத்துளையில் இறக்கி வைப்பதும் உண்டு. ஆனால் ஓட்டம் முடிந்ததும் முதலில் அவற்றைத்தான் வெளியே எடுக்க வேண்டும். தொட்டியின் ஈரம் பலகைக்குள் இறங்க ஓர் இரவு போதும்.

உண்மையான நீராவியில் ஓடும் எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஃபோம் மலையுள்ள மாட்யூல்களைத் தவிர்த்து, வெறும் ஜல்லி பரப்பிய மாட்யூல்களைத் தனியே செய்துகொள்ளுங்கள். வாயு அடுப்பும் சுடு எண்ணெயும் உள்ள எஞ்சின் தடம் புரண்டு கவிழ்ந்தால், ஃபோமில் தீப்பற்ற அதிக நேரம் ஆகாது. காற்று வேகமாக இருக்கும் நாளில் மாடியில் காலடிகளில் மணல் மூட்டைகளைச் சாய்த்து வையுங்கள்.

அடுக்கி வைத்தல்

மாட்யூல்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. ஒரே நீளமுள்ள இரண்டை, காட்சிப் பக்கம் உள்ளே பார்க்கும்படி எதிரெதிராக வைத்து, இரு முனைகளிலும் ஒரு பிளைவுட் பலகையைப் போல்ட்டால் முடுக்கினால் அதுவே ஒரு மூடிய பெட்டியாகிவிடும். அப்பலகையின் உயரம், இரண்டு முனைப்பலகைகளின் உயரத்தோடு உள்ளே எதிரெதிராக நிற்கும் மலைகளின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதாக இருக்க வேண்டும்; அதையும் அதே வார்ப்புருத் தகட்டை வைத்தே துளையிடுங்கள். பயணத்தில் பாதை முனைகளும் பித்தளை முளைகளும் அடிபடாமல் காப்பது இந்தப் பலகைதான். இணைப்புத்துண்டுகள், கிளாம்ப்கள், ஆலன் சாவி, விங் நட்டுகள் ஆகியவற்றை ஒரே டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை முதலில் காரில் ஏற்றுங்கள். அது வீட்டிலேயே தங்கிவிட்டால், போன இடத்தில் ஆறு மாட்யூலும் வெறும் பலகைகளே.